தயிர் முட்டியும் வெயிலும்

படுவான்கரை எருமைத் தயிரை மண்முட்டியில் வாங்கிப் பழகியவர்கள் நாம். முட்டி மிகுதி நீரை உறிஞ்சித் தயிரை இறுகச் செய்யும். கசியும் ஈரம் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். இவை யாவரும் அறிந்தவை. அதன் தடித்த சுவர் ஒளியையும் புகவிடாது என்பதை ஏனோ நாம் எண்ணுவதில்லை.

பாலிலும் தயிரிலும் ரைபோபிளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்து உண்டு. தயிரில் தெளியும் நீரின் இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறம் அதனுடையதே. வெளிச்சம் பட்டால் அது சிதையும். அருகிலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் கெடுத்துக் காறல் வாடையும் எழுப்பும். கண்ணாடிப் போத்தலில் இரண்டு மணி நேரம் கடும் வெயிலில் நின்ற பால், இச்சத்தில் பாதியையோ அதற்கு மேலுமோ இழந்துவிடும்.

வீட்டில் பியர் வடிக்கும் மேனாட்டாரும் இதனை அறிவர். அங்கும் குற்றவாளி இதே ரைபோபிளேவின்தான். ஒளியை ஈர்த்து, கசப்புக்காகச் சேர்க்கும் ஹொப்ஸ் பூவின் சத்தை அது உடைக்க, கந்தக நாற்றம் பிறக்கிறது. நொதிக்கும் கண்ணாடிக் கலத்துக்கு அவர்கள் துணி போர்த்துவதும், பழுப்புப் போத்தலைத் தேடுவதும் இதனாலேயே.

நம் கடைகளிலோ ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கிண்ணங்களில் தயிர் வெயிலைப் பார்த்தபடி அடுக்கப்படுவதைக் காண்கிறோம். வேறு பாலுணவு கிட்டாத பிள்ளைக்கு அந்த ஒரு கிண்ணம் சிறு பொருளன்று. உள்ளே நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் உறை ஊற்றுவோர்க்கு முட்டி இல்லையேல் சில்வர் பாத்திரம் போதும். கண்ணாடியானால் தடித்த துணி சுற்றி அலுமாரிக்குள் வையுங்கள்.