எழுத்து ஒன்று குறைந்தால்!



முசரவாக்கத்தில் பக்கத்து வீட்டுத் தறியை வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்த என் பேத்தி, "தாத்தா, பட்டு எதனால ஆனது?" என்று கேட்டாள்.

"முக்கியமாக நான்கு தனிமங்கள். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன்" என்றேன்.

"கார்பன்னா கரிதானே? அடுப்புக் கரியா புடவையில இருக்கு?" என்று சிரித்தாள்.

நியாயமான சந்தேகம்தான்! அடுப்புக் கரியில் பெரும்பங்கு கார்பனே. ஆனால், மற்ற தனிமங்களோடு சேர்ந்து சேர்மமாகி விட்டால், அது தன் பழைய குணத்தைக் காட்டாது.

தமிழில் உயிர் 12, மெய் 18. இவை சேர்ந்து 216 உயிர்மெய். ஆய்தத்தோடு மொத்தம் 247 எழுத்துகள். இவற்றால் எத்தனை சொற்கள்! தனிமங்களும் எழுத்துகளைப் போலத்தான். இதுவரை அறியப்பட்டவை 118. அவற்றில் நான்குக்கு 2016ல்தான் பெயர் வைத்தார்கள். அவற்றால் உண்டான பொருள்களோ கோடிக்கணக்கில்.

இனிக்கும் சர்க்கரையிலும், புளிக்கும் வினிகரிலும் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற அதே மூன்றுதான். எண்ணிக்கையும் சேரும் விதமும்தான் வேறு.

'கடல்' என்ற சொல்லில் 'ட'வை எடுத்தால் 'கல்' ஆகிவிடுகிறது அல்லவா? அதுபோல, ஒரு கார்பன் அணுவோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. சோடாவில் நுரைப்பது அதுதான். அதில் ஓர் ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு, கொடிய நஞ்சு! நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து கொள்ளும்.

போதிய காற்று இல்லாமல் கரி எரியும்போது இது உண்டாகிறது. குளிருக்காகக் கதவு, ஜன்னலைச் சாத்தி, அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்திகளைப் படிக்கும்போது மனம் பதறுகிறது. ஒரே ஓர் அணு செய்த வேலை!

வேதியியலை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும். புரிந்து கொண்டால் உயிரையே காக்கலாம். மார்கழிக் குளிரில் வீட்டில் யாராவது கரி அடுப்பை அறைக்குள் கொண்டு வந்தால், "தூங்கும் அறையில் வேண்டாம், வெளியே வையுங்கள்" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், 'கல் - கடல்' கதையைச் சொல்லுங்கள்.

சொல்வீர்கள்தானே?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா