முகாமில் பரிசோதிக்கப்படாத உறுப்பு: சினைப்பைப் புற்றுநோய் குறித்து நீங்கள் அறிய வேண்டியவை

2025 செப்டம்பர் 17 முதல் அக்டோபர் 2 வரை, ‘ஸ்வஸ்த் நாரி, சஷக்த் பரிவார்’ என்னும் பெயரில் பெண்களுக்கான மருத்துவ முகாம்கள் நாடு முழுவதும் நடைபெற்றன. இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தசோகை ஆகியவற்றுடன் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று இடங்களில் தோன்றும் புற்றுநோய்களுக்கான பரிசோதனையும் அவற்றில் இடம்பெற்றது. கதிர்காமத்திலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் வாழும் நீங்களோ உங்கள் தாயாரோ இத்தகைய முகாமொன்றில் பங்கேற்று, ‘குறை ஏதும் இல்லை’ என்ற முடிவுடன் வீடு திரும்பியிருக்கலாம். அம்முடிவை நம்பலாம். எனினும், சினைப்பையைப் பற்றி அது எதையும் தெரிவிக்கவில்லை.

கருப்பையின் இருபுறமும் அமைந்துள்ள, ஒரு பாதாம் பருப்பின் அளவேயான இரு உறுப்புகளே சினைப்பைகள். சூலகம் என்றும், பேச்சு வழக்கில் ஓவரி என்றும் இவை குறிப்பிடப்படுகின்றன. ‘பாப் ஸ்மியர்’ பரிசோதனை கருப்பையின் வாய்ப்பகுதியை மட்டுமே ஆராய்கிறது. சினைப்பையில் உள்ள நோய் அதில் தெரிவதில்லை. இவ்வேறுபாடு பலருக்கும் தெளிவாக விளக்கப்படுவதில்லை என்பதே இப்பக்கத்தை வெளியிடுவதற்குக் காரணம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 47,000 பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; சுமார் 33,000 பேர் உயிரிழந்தனர். இந்தியப் பெண்களிடையே மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றை அடுத்து மிகுதியாகக் காணப்படுவது இப்புற்றுநோயே.

முகாம்களில் இதற்குப் பரிசோதனை இல்லாதது ஏன்?

இது கவனக்குறைவால் நேர்ந்த விடுபடல் அன்று. நோய்க்குறி ஏதும் இல்லாத பெண்களின் உயிரைக் காக்கும் என்று மெய்ப்பிக்கப்பட்ட பரிசோதனை எதுவும் இந்நோய்க்கு இதுவரை உலகில் எங்கும் இல்லை. பிரிட்டனில் 50 முதல் 74 வயதுக்குட்பட்ட 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் பெரும் ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. அவர்களுள் ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சி.ஏ.125 என்னும் இரத்தப் பரிசோதனையும், மற்றொரு பிரிவினருக்கு ஸ்கேன் பரிசோதனையும் செய்யப்பட்டன. அதன் நீண்டகால முடிவுகள் 2021இல் வெளியாயின. இரத்தப் பரிசோதனைப் பிரிவில் நோய் சற்று முன்னதாகவே கண்டறியப்பட்டது. ஆயினும், பரிசோதனையே செய்யப்படாத பெண்களோடு ஒப்பிடும்போது இறப்பு எண்ணிக்கை குறையவில்லை. அமெரிக்காவில் 78,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. அங்கு 3,285 பெண்களுக்கு நோய் இல்லாதபோதும் இருப்பதாக ஐயம் எழுந்தது. அவர்களுள் 1,080 பேர் அறுவை சிகிச்சைக்கு உள்ளாயினர்.

தனியார் ஆய்வகங்கள் விளம்பரப்படுத்தும் மகளிர் முழு உடல் பரிசோதனைத் திட்டங்களில் சி.ஏ.125 சேர்க்கப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். நோய்க்குறியோ குடும்ப வரலாறோ இல்லாதவர் அதற்காகச் செலவிட வேண்டியதில்லை. மாதவிடாய்க் காலம், கர்ப்பம், நார்த்திசுக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் நோய் ஆகிய நிலைகளிலும் அதன் அளவு உயரக்கூடும். நம் நாட்டில் குறிப்பிடத்தக்கது வயிற்றுக் காசநோய்: வயிற்றில் நீர் கோத்து, சி.ஏ.125 அளவும் உயர்ந்து, அது புற்றுநோயைப் போலவே தோற்றமளிக்கும். மாறாக, தொடக்க நிலைப் புற்றுநோய் உடையவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இந்த அளவு இயல்பாகவே இருக்கும்.

எனவே, உடல் காட்டும் அறிகுறிகளைக் கவனிப்பதே எஞ்சியுள்ள வழி.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஓசையின்றி வரும் நோய் என்று இது வர்ணிக்கப்படுவதுண்டு. அது முற்றிலும் சரியன்று. வயிறு உப்புதல், சிறிதளவு உண்டவுடனே வயிறு நிறைந்த உணர்வு, அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டிய நிலை ஆகியவை பெரும்பாலான நோயாளிகளுக்கு முன்னரே தோன்றுகின்றன. இவை எல்லாப் பெண்களும் எப்போதேனும் அனுபவிப்பவை என்பதே சிக்கல். வாயுத் தொல்லை எனக் கருதி ஓமநீர் அருந்துவதும், அல்சர் என்று மாத்திரை உட்கொள்வதும், மாதவிடாய் நிற்கும் பருவத்தின் இயல்பு என்று பொறுத்துக்கொள்வதும் நம் குடும்பங்களில் வழக்கம். உடல் மெலியும்போதே உள்பாவாடை நாடா இறுகுவதை வயதின் விளைவு என்றே பலர் எண்ணுகின்றனர்.

இவற்றை வேறுபடுத்தி அறிய ஓர் அளவுகோல் உண்டு. இத்தொல்லை உங்களுக்குப் புதியதா? ஓராண்டுக்குள் தொடங்கியதா? மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் வருகிறதா? ஆம் எனில், குறிப்பாக உங்கள் வயது 50ஐக் கடந்திருப்பின், காத்திருக்க வேண்டாம். மாதவிடாய் நின்றபின் ஏற்படும் இரத்தப்போக்கு ஒருமுறை மட்டுமே தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும்.

இளம்பெண்கள் ஒன்றை அறிந்துகொள்வது நல்லது. ஸ்கேன் அறிக்கையில் ‘நீர்க்கட்டி’ என்றோ ‘பி.சி.ஓ.டி.’ என்றோ இருந்தால் அது புற்றுநோயைக் குறிப்பதன்று. மாதவிடாய் வரும் வயதில் தோன்றும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடும்.

எங்கு செல்வது, என்ன கேட்பது?

கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வயிற்று உப்புசத்துடன் செல்லும் ஒருவர் பொது மருத்துவப் பிரிவையே முதலில் நாடுவார். அதில் தவறில்லை. ஆனால், ‘இது மாதத்தில் பாதி நாட்கள் இருக்கிறது, ஆறு மாதமாக இருக்கிறது’ என்று காலக்கணக்குடன் கூறவும். மகளிர் மருத்துவரிடமும் காட்ட வேண்டுமா என்று கேட்கவும். நோய்க்குறி உள்ளவருக்கு அதே சி.ஏ.125 பரிசோதனையும் இடுப்புப் பகுதி ஸ்கேனும் மிகவும் பயனுள்ளவை.

ஸ்கேனில் ஐயத்துக்குரிய கட்டி தென்பட்டால், அடுத்த முடிவே மிக முக்கியமானது. அருகிலுள்ள சிறு மருத்துவமனையில் கட்டியை மட்டும் உடனே அகற்றிவிடலாம் என்ற எண்ணம் குடும்பத்தினருக்கு எழுவது இயல்பு. ஆனால், கட்டி உள்ளேயே உடைந்தால் நோய் வயிற்றுக்குள் பரவ வாய்ப்புண்டு. நோய் எதுவரை பரவியுள்ளது என்பதைக் கண்டறிய மீண்டும் ஓர் அறுவை சிகிச்சை தேவைப்படவும் கூடும். முதல் அறுவை சிகிச்சையைப் பெண்களுக்கான புற்றுநோய் அறுவையில் பயிற்சி பெற்ற குழு மேற்கொள்ளும்போது பயன் கூடுதல். கதிர்காமத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குகிறது. ஒரு பரிந்துரைக் கடிதத்துக்காகச் சில நாட்கள் காத்திருப்பதால் இழப்பதைக் காட்டிலும், பொருத்தமற்ற முதல் அறுவையால் இழப்பது அதிகம்.

சிகிச்சையும் அதன் பின்விளைவுகளும்

பொதுவாகக் கருப்பை, இரு சினைப்பைகள், சினைக்குழாய்கள், நோய் பரவிய பிற திசுக்கள் ஆகியவை அகற்றப்படுகின்றன. கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் ஆகிய மருந்துகள் 3 வாரங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் 6 சுற்றுகள் செலுத்தப்படுகின்றன. நோய் மிகுதியாகப் பரவியிருப்பின் 3 சுற்று மருந்துக்குப் பின்னரே அறுவை நடைபெறும். இதை மருத்துவர் கைவிட்டதன் அறிகுறியாகக் கொள்ள வேண்டாம். குழந்தைப்பேற்றை விரும்பும் இளம்பெண்களுக்குத் தொடக்க நிலையில் கருப்பையையும் ஒரு சினைப்பையையும் காப்பாற்ற இயலும். அதை அறுவைக்கு முன்னரே கேட்டறியவும்.

அமெரிக்கப் பதிவேடுகளின்படி, சினைப்பையைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். தொலைவில் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் இது ஏறத்தாழ 30 விழுக்காடே. ஆயினும், அந்த 30 பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். ‘பம்பாய்’, ‘இந்தியன்’ திரைப்படங்களின் வாயிலாகத் தமிழர் அறிந்த நடிகை மனிஷா கொய்ராலாவுக்கு 2012இல் இந்நோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டது. சிகிச்சைக்குப் பின் அவர் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடித்தும் எழுதியும் வருகிறார்.

பராமரிப்பவர் கவனத்துக்கு: மருந்து செலுத்தப்படும் காலத்தில் 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால் இரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். விடியும்வரை காத்திருத்தல் ஆபத்தானது. தொடர் வாந்தியுடன் மலமும் வாயுவும் வெளியேறாமல் இருப்பதும் அவசர நிலையே. கை கால்கள் மரத்துப்போவதால் சூடான பாத்திரத்தை எடுப்பதும் வெறுங்காலுடன் வாசலில் நடப்பதும் காயம் விளைவிக்கும். இளம் வயதில் சினைப்பைகள் அகற்றப்பட்டால் மாதவிடாய் நின்ற நிலை ஒரே நாளில் வந்துவிடுகிறது. உடல் வெப்பம், தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம், தாம்பத்தியத்தில் வலி ஆகியவை தொடரும். கடைசியாகக் குறிப்பிட்டதைப் பெண்கள் மருத்துவரிடம் கூறத் தயங்குகின்றனர், கணவர்களும் கேட்பதில்லை. இதற்கும் சிகிச்சை உண்டு.

குடும்பத்தில் பிறர்

இந்நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் வரை, பி.ஆர்.சி.ஏ. எனப்படும் மரபணுக்களில் பிறவியிலேயே மாற்றம் உடையவர்கள். ஆகவே, நோய் உறுதியானவர் மரபணுப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்பது அவசியம். அம்முடிவு அவருக்கான மருந்துத் தேர்வுக்கும், அவருடைய சகோதரிகள், மகள்களின் பாதுகாப்புக்கும் உதவும். இம்மாற்றம் தந்தை வழியாகவும் வரும். மரபணு ஆலோசனைக்குச் செல்லும்போது தாய்வழிப் பாட்டி, சித்தி, பெரியம்மா ஆகியோருடன் அத்தை, தந்தைவழிப் பாட்டி ஆகியோருள் எவருக்கேனும் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்ததா, எந்த வயதில் வந்தது என்பதையும் எழுதி எடுத்துச் செல்லவும்.