புலியை மட்டும் எண்ணினால் போதுமா?

நான்கு வருடத்துக்கு ஒருமுறை நம் பத்திரிகைகளில் ஒரு தலைப்புச் செய்தி வரும். 'புலிகள் எண்ணிக்கை உயர்வு!' 2006-ல் 1411. 2022 கணக்கெடுப்பில் 3682. சந்தோஷம்தான், யார் மறுத்தார்கள்? ஆனால் உடனே "காடு நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

"புலி இருந்தால் மான் இருக்கும், மான் இருந்தால் புல் இருக்கும்." பள்ளிக்கூடத்திலிருந்தே மனப்பாடம் செய்துவிட்டோம். பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள முதுமலைக்குப் போக வேண்டும்.

1988-ல் இந்திய அறிவியல் கழகத்தார் அங்கே 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு செ.மீ. தடிமனுக்குக் குறையாத ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டார்கள். 25 ஆயிரத்துக்கும் மேல் தேறியது, சுமார் 70 இனங்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த அதே முறைதான். இதன் பலம் எண்ணிக்கையில் இல்லை, திரும்பிப் போவதில் இருக்கிறது. அதே மரத்திடம் மறுபடி மறுபடி போய், 'இருக்கிறாயா, செத்தாயா?' என்று கேட்கிறார்கள். அதனால்தான் உண்ணிச்செடி அந்தக் காட்டின் தரையை எப்படிப் பிடித்தது என்பதை வருடம் போட்டுச் சொல்ல முடிகிறது. அதே முதுமலையில் புலிகளும் நிறையவே இருக்கின்றன!

புலிக் கணக்கெடுப்பிலும் செடிகொடிகளைக் குறிக்கத்தான் செய்கிறார்கள் என்பீர்கள். சரி. ஆனால் போகிற வழியில் குறிப்பது வேறு, அதையே வேலையாகச் செய்வது வேறு.

இன்னொன்று. அந்தக் களப்பணி பெரும்பாலும் மழையில்லாத மாதங்களில் நடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊதா நிறத் தவளை ஒன்று உண்டு. வருடம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து, பருவமழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு மேலே வரும். அறிவியல் அதற்குப் பெயர் வைத்ததே 2003-ல்தான். கோடையில் கேமராவை மரத்தில் கட்டிவிட்டுக் காத்திருந்தால் அது வந்து போஸ் கொடுக்குமா?

"பணம் எங்கே, ஆள் எங்கே?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. 50 ஹெக்டேர் வேண்டாம், ஒரு ஹெக்டேர் போதும். ஒவ்வொரு காப்பகத்திலும் ஒன்று. பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் இருக்கிறோம், கூப்பிடுங்கள். மரங்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணுவோம், தவளைகளை ஒவ்வொரு மழைக்கும் தேடுவோம். இலையைக் கசக்கி முகர்ந்தே மரத்தின் பெயர் சொல்லும் பழங்குடிக் காவலர்களுக்கு உரிய சம்பளம் கொடுங்கள். அறிக்கையில் அவர்கள் பெயரையும் போடுங்கள், 'உள்ளூர் உதவியாளர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள்.

2005-ல் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று தெரிந்தபோது நாடே பதறியது. பதறுவதற்குக் காரணம், அங்கே புலி இருந்ததாக ஒரு கணக்காவது இருந்தது. கணக்கிலேயே வராத ஒரு தவளை போனால் யார் பதறுவார்கள்? சொல்லுங்கள்.