எண்ணம் வேறு, செயல் வேறு

நாம் குடியேறி வாழும் இவ்வங்க நாட்டில் 'சுசிபாய்' என்றொரு சொல் வழங்குகின்றது. கழுவிய கையையே ஓயாது கழுவுவோரை அண்டை அயலார் அச்சொல்லால் குறித்து நகைப்பர். சுசி என்றால் சுத்தம். பாய் என்பது வாயு என்னும் சொல்லின் திரிபு. நம்மவரோ இதனையே 'மடிப் பைத்தியம்' என்று சொல்லி விட்டுவிடுகின்றோம். இரண்டு சொற்களும் கண்ணுக்குத் தெரியும் செயலை மட்டுமே சொல்லுகின்றன. அச்செயலை ஆட்டுவிக்கும் எண்ணத்தைச் சொல்லவில்லை.

மருத்துவர்கள் இவ்விரண்டையும் பிரித்தே பேசுவர். வேண்டாம் என்று தள்ளினாலும் திரும்பத் திரும்ப மனத்தில் புகுந்து வருத்தும் எண்ணம் 'அப்ஸெஷன்'. அவ்வருத்தம் தணியும் பொருட்டு, தவிர்க்க முடியாமல் மீண்டும் மீண்டும் செய்யும் காரியம் 'கம்பல்ஷன்'. 'கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறதோ' என்பது முன்னது; இருபதாம் முறையாகக் குழாயடிக்குச் செல்வது பின்னது. 'கதவைப் பூட்டினோமா' என்னும் ஐயம் முன்னது. டிராம் நிறுத்தத்திலிருந்து மூன்று முறை வீடு திரும்புவது பின்னது.

மோகன் பகான் ஆட்டத்திற்காக ஊணுறக்கம் மறப்பவரையும் நாம் பைத்தியம் என்போம். அது விருப்பத்தால் வந்தது; அவருக்கு இன்பம் தருவது. நாம் கூறும் எண்ணமோ, உடையவராலேயே வெறுக்கப்படுவது. ஆசாரமும் அவ்வாறே வேறானது. மடியாகச் சமைப்பவர் சமையல் முடிந்ததும் நிம்மதியாக அமர்வார். ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் கணக்கை இருமுறை கூட்டிப் பார்ப்பது கடமை. சரியாயிருந்தால் பேரேட்டை மூடிவிடுகின்றோம். இந்நோயாளிக்கோ மூடுவதென்பதே இல்லை.

ஏன்? முற்காலத்தில் இந்நகரத்துக் குமாஸ்தாக்கள் காபூலிக்காரரிடம் கடன் வாங்கி, மாதந்தோறும் வட்டியே கட்டி வந்தனர், முதல் குறையவில்லை. கை கழுவுதலும் அத்தகைய வட்டியே. கழுவியவுடன் அச்சம் சற்றுத் தணிகின்றது. ஆனால், 'கழுவியதால்தான் பிழைத்தோம்' என்று மனம் கற்றுக்கொள்கின்றது. அடுத்த முறை அச்சம் இன்னும் உரத்துக் கேட்கின்றது.

செயல் எப்போதும் வெளியே தெரிவதும் இல்லை. சிலர் மனத்துக்குள்ளேயே எண்ணுவர். குறிப்பிட்ட முறை ஜபிப்பர். பெற்ற குழந்தைக்குத் தம் கையாலேயே தீங்கு நேருமோ என்ற எண்ணம் புகுந்து நடுங்கும் தாய்மாரும் உண்டு. அவர்கள் தம்மைப் பாவிகள் என்று கருதி வாய்திறவாது வாடுகின்றனர். அவ்வெண்ணத்தைக் கண்டு அவர்கள் அஞ்சுவதே அது அவர்கள் விருப்பமன்று என்பதைக் காட்டும். மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னால் தக்க உதவி கிடைக்கும்.

இத்தகைய துன்பங்களுக்குச் செவிசாய்ப்பதில் கல்கத்தா நகரம் முன்னோடியாகும். டாக்டர் கிரீந்திரசேகர போஸ் என்பார் 1922-இல் இங்கு இந்திய மனப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்; வியன்னாவின் பிராய்டுடன் கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார். இன்று ஆர். ஜி. கர் என வழங்கும் அன்றைய கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் 1933-இல் மனநோய்க்கென வெளிநோயாளர் பகுதி தொடங்கிற்று. 1940-இல் லும்பினி பார்க் மருத்துவமனை எழுந்தது.

பின்னாளில் சிகிச்சை முறை மாறியது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர், நோயாளி அஞ்சும் பொருளைத் தொடச் செய்து, கழுவாமல் இருக்கப் பழக்கி, குணம் கண்டதை வெளியிட்டார். கழுவாதிருந்தாலும் அச்சம் தானே தணியும் என்பதை மனம் அனுபவத்தால் அறிகின்றது. தேர்ந்தவர் துணையுடன் படிப்படியாகச் செய்யவேண்டிய பயிற்சி இது. இன்று பயன்தரும் மருந்துகளும் உள்ளன.

நிற்க, வீட்டார் செய்யவேண்டியது என்ன? எண்ணம் தானாக வருவது. அதற்காக ஏசுதல் தகாது. ஏசினால் நோயாளி மறைப்பாரேயன்றி மாறார். அதே சமயம், 'அம்மா, கதவு பூட்டியாயிற்றா?' என்று பத்தாம் முறை கேட்கும் பிள்ளைக்குப் பத்தாம் முறையும் 'ஆயிற்று' என்று சொல்வது அன்பாகத் தோன்றினும், நாமும் சேர்ந்து வட்டி கட்டுவதேயாகும். ஆனால் ஒரே நாளில் விடை மறுப்பதும் கொடுமை. மருத்துவரைக் கலந்து, பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லி, சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும்.

சொந்த ஊரையும் சுற்றத்தையும் விட்டு வந்து, இரண்டு அறைகளில் வாழும் நம் குடும்பங்களில் இத்துன்பம் எளிதில் குடும்ப ரகசியமாகிவிடுகின்றது. 'பெண்ணுக்கு வரன் வருமா' என்ற கவலையில் ஆண்டுகள் கழிகின்றன. 2022 முதல் இந்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி இயங்கி வருகின்றது; தமிழிலும் பேசலாம். வங்காள மொழியில் மனத்தைத் திறக்கத் தயங்குவோருக்கு இது பெரிய வசதி. இல்லத்தில் எவரேனும் இவ்வாறு வாடக் கண்டால், சுசிபாய் என்று சிரிப்பதை விடுத்து, 'உன் மனத்தில் என்ன எண்ணம் வந்து வருத்துகின்றது?' என்று அன்பர்கள் ஒருமுறை கேட்பார்களாக.