தண்ணீருக்குப் பட்டா உண்டா?

வீட்டுக்குப் பட்டா உண்டு. வயலுக்குப் பட்டா உண்டு. தோப்புக்கும் உண்டு. தண்ணீருக்கு?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்து மீனவர்களின் பிழைப்பு இந்தக் கேள்வியில்தான் அடங்கி இருக்கிறது.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. பொன்னேரி வழியாகப் பஸ்ஸில் போகலாம். 1613-ம் ஆண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமை இடம். இன்று அந்தக் கோட்டை இல்லை. புதர்தான் மண்டிக் கிடக்கிறது. எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைகள் மட்டும் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்கள் கல்லறையைப் பார்க்கிறார்கள். மீன் வாங்குகிறார்கள். திரும்பிப் போகிறார்கள்.

ஊரின் உயிர் கல்லறையில் இல்லை. ஏரியில் இருக்கிறது!

இறால் செய்யும் பயணம்

பழவேற்காடு ஏரி, உப்பும் நன்னீரும் கலக்கும் ஏரி. நம் நாட்டில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் நம்முடையது. பரப்பு பெரிதே தவிர ஆழம் கிடையாது. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். ஆரணியாறும் காளங்கியும் இதில் வந்து விழுகின்றன. கடலும் ஏரியும் சேரும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர்.

இறால் கடலில் முட்டை இடுகிறது. குஞ்சுகள் அலையோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகின்றன. அலை இல்லாத தண்ணீரில், சேற்றில், கண்டல் செடிகளின் வேர்களுக்கு நடுவே வளருகின்றன. வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழியில்தான் மீனவர் வலை காத்திருக்கிறது. மடவையும் கொடுவாயும் இதே வாசல் வழியாகத்தான் வந்து போகின்றன.

ஆக, வாசல் திறந்திருந்தால் ஊரில் அடுப்பு எரியும். வாசல் அடைத்தால்?

பாடு என்பது என்ன?

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் அதிகம். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். இதற்குப் பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் பாடு.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இந்த ஏற்பாட்டில் முக்கியமானவை. எந்த இடத்தில், யார், எப்போது வலை கட்டுவது என்பதை முறை வைத்தும் சீட்டுப் போட்டும் முடிவு செய்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை சுமாரான இடம். பணக்காரனுக்கு ஒரு சீட்டு, ஏழைக்கு ஒரு சீட்டு. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து தீர்க்கிறது. இதைப் பற்றி வெளிநாட்டார் வந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பாடப் புத்தகத்தில்தான் இடம் இல்லை!

இதில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாட்டில் பங்கு பட்டினவர் சமூகத்து ஆண்களுக்குத்தான். அக்கம்பக்கத்துக் குப்பங்கள் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டு, பல முறை சண்டை மூண்டிருக்கிறது. இருளர் பெண்கள் வலை இல்லாமல் கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுவைக்க ஓலைப் பையைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சீட்டும் இல்லை, முறையும் இல்லை. ஏரி யாருடையது என்று வெளியே கேட்பவர்கள் இந்தப் பெண்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் கேட்கவேண்டும்.

மணல் எங்கே போகிறது?

நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. கடல் நீரோட்டம் அதை வருஷத்தில் பல மாதம் வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. குறுக்கே கல்சுவர் கட்டினால் தெற்கே மணல் குவியும். வடக்கே கரை அரிக்கும்.

இதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. 1876-ல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. தெற்கே மெரினா கடற்கரை அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஒரே சுவர்தான். ஒரு பக்கம் காற்று வாங்க மணல்வெளி. மறுபக்கம் வீடு இழந்த குடும்பங்கள்.

பழவேற்காட்டின் தொல்லை இரட்டைத் தொல்லை. கோடையில் ஆற்றுத் தண்ணீர் குறைந்ததும் முகத்துவாரத்தில் மணல் மேடு போடும். படகு போகாது, இறால் குஞ்சு வராது, ஏரித் தண்ணீரில் உப்பு ஏறும். வாசலை நிரந்தரமாகத் திறந்துவைக்க, இரு பக்கமும் கல்சுவர் கட்டும் திட்டத்தை ஏறத்தாழ 27 கோடி ரூபாயில் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. இது மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டதுதான்.

இன்னொரு தொல்லை தெற்கே இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018-ல் இது அதானி நிறுவனத்தின் கைக்கு வந்தது. துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிவாக்கத் திட்டம் போட்டார்கள். முன்பு இருந்தது சுமார் 330 ஏக்கர்தான்! இதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர், கடலையே மண் கொட்டி நிரப்பி எடுப்பது. வேலை வரும், வியாபாரம் பெருகும் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கடலை நிரப்பினால் அங்கே வலை போட்டவன் எங்கே போவான்? நிறுத்தப்படும் மணலுக்கு வடக்கே உள்ள கரை என்ன விலை கொடுக்கும்? மீனவர்கள் கேட்பது இதைத்தான். 2021 ஜனவரியில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் நடக்கவிருந்ததும் தள்ளிவைக்கப்பட்டது.

ஒரு இங்கிலீஷ் கிராமத்தின் கதை

ஊர்ப் பொதுச்சொத்து பறிபோவது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. லண்டனுக்குப் பக்கத்தில் எப்பிங் காடு என்று ஒரு காடு இருக்கிறது. அதன் ஓரத்தில் லவுட்டன் என்ற ஊர். குளிர்காலத்தில் மரக்கிளை வெட்டி விறகு எடுத்துக்கொள்வது அந்த ஊர் ஏழைகளின் பரம்பரை உரிமை. பத்திரம் கிடையாது, பழக்கம்தான். 1860-களில் நிலப்பிரபு காட்டை வேலி போட்டு வளைத்தார். வேலியை மதிக்காமல் கிளை வெட்டிய வில்லிங்கேல் குடும்பத்து ஆட்களை 1866-ல் சிறையில் போட்டார்கள்.

கிளர்ச்சி எழுந்தது. வழக்கு நடந்தது. மாடு மேய்க்கும் பழைய உரிமை காடு முழுவதற்கும் உண்டு, வேலிகள் சட்டவிரோதம் என்று 1874-ல் தீர்ப்பு ஆயிற்று. 1878-ல் பார்லிமெண்டு சட்டம் செய்து காட்டைப் பொதுமக்களுக்கு ஆக்கியது. காடு இன்றும் இருக்கிறது.

ஆனால் விறகு வெட்டும் உரிமை? அதற்கு நஷ்டஈடு கொடுத்து முடித்துவிட்டார்கள். அந்தப் பணத்தில் 1884-ல் லவுட்டனில் ஒரு மண்டபம் கட்டினார்கள். மண்டபம் அழகானதுதான். அடுப்புக்கு விறகு தராது!

கோட்டைக்குப்பத்துக்கு இந்தக் கதையில் இரண்டு செய்தி இருக்கிறது. காகிதம் இல்லாத பழக்கமும் நீதிமன்றத்தில் நிற்கும். நஷ்டஈடு என்று வரும்போது, எதை விற்கிறோம் என்று பார்த்துக் கை நீட்டவேண்டும்.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது?

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்கிறவர்களுக்கு நீர்நிலைகளின் மீன் மீதும் சமூக உரிமை உண்டு என்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் அதுபோல நேரான சட்டம் இல்லை. ஆனால் 2011-ம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு, கரையோர வரைபடங்களில் மீனவர் ஊர்களையும் மீன் பிடிக்கும் இடங்களையும் குறிக்கச் சொன்னது. பாடு இடங்கள் அந்த வரைபடத்தில் இருந்தால், தண்ணீருக்குக் கிடைக்கும் பட்டா அதுதான். வரைபடத்தில் வெறும் நீலநிறமாக இருந்தால், கம்பெனிக்காரன் கண்ணுக்கு அது காலி இடம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் மறுபடி எப்போது அறிவிக்கப்பட்டாலும், 30 நாள் முன்னதாகச் சொல்லவேண்டும் என்பது விதி. திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழிலும் தரவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். கூட்டத்தில் பேசலாம். பேசக் கூச்சமாக இருந்தால், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுக்கலாம்.