மாத்திரை பாதி, ரத்தப் பரிசோதனை மீதி



என் முழங்கையில் செதில் உதிர்வதைப் பார்த்து, "சார், தொட்டா ஒட்டுமா?" என்று கேட்டவர்கள் உங்களில் உண்டு. ஒட்டாது. அது சொரியாசிஸ். நான்கு வருடமாக மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவின் ஆய்வுக் குழு 1940களில் உருவாக்கிய மருந்து இது. முதலில் புற்றுநோய்க்கு, பிறகு தோலுக்கும். விலை குறைவு, பலன் அதிகம். ஆனால் ரத்த அணுக்களைக் குறைக்கலாம், கல்லீரலைக் கெடுக்கலாம். சிறுநீரகம் சரியில்லை என்றால் மருந்து வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும். அதனால்தான் ஆரம்பத்தில் அடிக்கடியும், பிறகு சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள்.

போன வருடம் தோல் பளிச்சென்று ஆனதும் எட்டு மாதம் பரிசோதனைக்கே போகவில்லை. போளூர் இறங்கித் திரும்பினால் ஒரு நாள் போய்விடும் என்ற சோம்பல். பிறகு பார்த்தபோது கல்லீரல் அளவு ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைச் சில வாரம் நிறுத்தினார். உடம்பில் ஒரு வலியும் இல்லை என்பதுதான் இதில் பயம். தோல் கண்ணுக்குத் தெரியும், கல்லீரல் தெரியாது. அறிவியல் பாடம் நடத்திய எனக்கே இது அப்போதுதான் உறைத்தது.

பென்ஷன் வாங்கும் எனக்கே இந்தச் சோம்பல் என்றால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறவரை எப்படிக் குறை சொல்வது? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதுபோல, இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தையும் ஜமுனாமரத்தூரிலேயே எடுத்துக் கீழே அனுப்பட்டும். ஆள் இறங்க வேண்டாம், ரத்தக் குழாய்ப் புட்டி இறங்கினால் போதும். முடிவு போனில் வரட்டும். கிராம சபையில் இதைக் கேட்கப் போகிறேன். நீங்களும் வந்து கேளுங்கள்.

அதுவரை நான்கு விஷயம். வாரத்துக்கு ஒருநாள் என்பதைத் தினமும் என்று தவறாக எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கிழமையை மாத்திரை அட்டையிலேயே எழுதி வையுங்கள். குடி கூடவே கூடாது. கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் ஆணோ பெண்ணோ முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த மாத்திரை வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

உங்களில் யாராவது பரிசோதனையைத் தள்ளிப் போட்டிருந்தால், இந்த வாரமே போய் வாருங்கள். வாத்தியார் செய்த தப்பை மாணவர்கள் செய்ய வேண்டாம்.