காற்றுக்கும் ஒரு வரிசை



செயல்வழிக் கற்றல் வகுப்பறைகளில் காலநிலை அட்டவணை என்று ஒன்று உண்டு. வெயில், மேகம், மழை என்று படம் போட்டிருக்கும். காலையில் பிள்ளை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து அன்றைய வானத்தைத் தானே குறிக்க வேண்டும். பக்கத்திலேயே சுயவருகைப் பதிவேடு. ஆரோக்கியச் சக்கரத்தில் பல் துலக்கியதும் நகம் வெட்டியதும் ஏறும். ஆசிரியர் பேர் கூப்பிட, 'உள்ளேன் ஐயா' என்று எழுந்து நின்றே பழகிய நம் தலைமுறைக்கு இது சின்ன மாற்றமில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்து மணமேல்குடிக் கரையில் அந்த அட்டவணையை மாட்டினால் ஒன்று குறைகிறது. காற்று! வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பேர் வைத்துக் கூப்பிடும் கடற்கரை இது. கட்டுமாவடியிலோ ஜெகதாப்பட்டினத்திலோ ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு, அப்பா இன்றைக்கு வள்ளம் இறக்குவாரா மாட்டாரா என்பதே காற்றை வைத்துத்தான். வெயிலும் மழையும் அதற்கப்புறம். அட்டவணையில் காற்றுக்கும் ஒரு வரிசை போட்டுவிட்டால் போதும், ஆறு வயதுப் பிள்ளை ஆசிரியருக்கே பாடம் எடுக்கும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பிக்கும் இடம் அதுதான் என்பது என் நம்பிக்கை.

செயல்வழிக் கற்றல் முறை வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி. அங்கே பத்மநாப ராவ், ரமா தம்பதியர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக அட்டைகளை வைத்துக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் தம் ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்த்து வரச் செய்தார். 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது, 2007-08இல் தமிழகமெங்கும் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. கரும்பலகை சுவரின் அடிக்கு இறங்கியது. பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பாடங்களை வரிசைப்படுத்திய ஏணிப்படியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, தட்டிலிருந்து தனக்கான அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொண்டு போய் உட்காரும். நாலு நாள் கடலோர உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலும் விட்ட படியிலிருந்து தொடரலாம். அடிக்கடி இடம் மாறும் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறென்ன?

குறை இல்லாமல் இல்லை. அட்டைகள் மாநிலம் முழுவதற்கும் ஒரே மாதிரி அச்சானவை. சில இடங்களில் அட்டையே இன்னொரு பாடப்புத்தகமாக ஆகிப்போனது. அட்டையை முடித்தால் சரி என்ற அளவில் நின்றது. பிறகு, 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்புக்குள் நுழைந்தன. விரலில் பொம்மையை மாட்டிக்கொண்டு குரல் மாற்றிப் பேசும் ஆசிரியரைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துபோகிறது. ஆனால் அதே ஆசிரியர் செயலியில் பதிவேற்றவும் பதிவேடு நிரப்பவும் எவ்வளவு நேரத்தைக் கொடுக்கிறார் என்பதையும் பார்க்கிறோம். புதுமையை உத்தரவாக அனுப்பலாம். அந்த ஊருக்கு ஏற்றபடி அதை மாற்றும் உரிமையையும் நேரத்தையும் சேர்த்து அனுப்பினால்தான் அது வகுப்பில் நிற்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு, ஊருக்கு ஏற்றபடி மாற்றுவது என்பது புதிதாகச் சொல்ல வேண்டிய சங்கதியும் அல்ல. 1991-92இல் இங்கே அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் கிராமத்துப் பெண்கள். சைக்கிளுக்கும் அரிச்சுவடிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாராவது விதியைக் காட்டி நிறுத்தியிருந்தால், அந்த இயக்கத்தை நாம் இன்று வேறு மாதிரிதான் பேசிக்கொண்டிருப்போம். சைக்கிள் மிதித்த அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வயதில் இருக்கிறார்கள்.

அதனால் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தொடக்கப் பள்ளித் தட்டிலும் கொஞ்சம் வெற்று அட்டைகள் இருக்கட்டும். அந்த ஊர் ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து அவற்றை எழுதட்டும். கடற்கரையில் மீன் ஏலம் போகிறதே, அதைவிட விறுவிறுப்பான கூட்டல் கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பொறுக்கி வந்த சிப்பிகளை இனம் பிரித்து அடுக்குவது அறிவியலுக்கும் ஆகும், கணக்குக்கும் ஆகும். வட்டார வள மையங்கள் நடத்தும் பயிற்சிகளில் ஒரு வேளையை ஆசிரியர்கள் தாங்கள் செய்து பார்த்ததைக் காட்டுவதற்கென்றே ஒதுக்கலாம். செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது.

வாசகர்களுக்கும் ஒரு வேலை. நீங்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தால், உங்கள் ஊரை வைத்து நீங்களாகச் செய்த பாடம் ஒன்றை எழுதி அனுப்புங்கள். சரியாக வராமல் போனதையும் எழுதலாம். அடுத்தவருக்கு அதுதான் அதிகம் உதவும். அடுத்த இதழில் அதற்கென்று பக்கங்கள் ஒதுக்குகிறோம். பிள்ளைகள் எழுதியது, வரைந்தது இருந்தால் எழுத்துப்பிழையைத் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். நாங்களும் திருத்தாமல் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்